வில்லுக்கு ஏற்ற அம்பு: விறைப்பை அளந்து பொருத்தும் முறை

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு நீள்வில்லும் ஒரு டசின் கார்பன் அம்புகளும் கொண்டுவந்து தந்தார். மரத்தையும் கண்ணாடி இழையையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த நல்ல வில் அது. அம்புகளும் பார்வைக்குக் குறையில்லாதவை. ஆனால் இலங்கையின் வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டு வளவில் பதினைந்து மீற்றர் தள்ளி நிறுத்திய உரப்பை இலக்கின் நடுவைப் பார்த்து எய்தால், ஒவ்வோர் அம்பும் ஒரு சாண் இடப்பக்கம் விலகியே குத்தி நின்றது. இரண்டு மாதம் என் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னர் ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிக் குறிபார்க்கவும் பழகிவிட்டேன். அப்படிப் பழகியதுதான் பெரிய பிழை. பத்து மீற்றரில் அந்தக் கணக்குச் சரிவராது, இருபதிலும் சரிவராது. அதைவிட, பிழையான அம்புக்கேற்பக் கையைப் பழக்கிவிட்டால் பிறகு சரியான அம்பு கிடைத்தாலும் கை அதை ஏற்க மறுக்கும்.

அந்த அம்புகளின் தண்டில் 340 என்ற எண் அச்சிடப்பட்டிருந்தது. 28 அங்குல இடைவெளியில் இரு பக்கமும் தாங்கிய தண்டின் நடுவில் 880 கிராம் நிறையைத் தொங்கவிட்டால் அது 0.340 அங்குலம் மட்டுமே கீழே வளையும் என்பது அதன் பொருள். சில்லு பூட்டிய, அறுபது எழுபது இறாத்தல் இழுக்கும் கொம்பவுண்ட் வில்லுக்குரிய விறைப்பு அது. என் வில்லோ 42 இறாத்தல். எந்த வில்லுக்கு அம்பு வேண்டும் என்று விற்றவர் கேட்கவே இல்லை என மைத்துனர் பிறகு சொன்னார். இரும்புக்கம்பி போன்ற அந்த அம்புகள் என் வில்லில் வளைய மறுத்ததுதான் இடப்பக்கம் போனதற்குக் காரணம்.

அம்பு ஏன் வளைய வேண்டும் என்பது விளங்காவிட்டால் இனிச் சொல்லப்போகும் எதுவும் விளங்காது. வலக்கையால் நாணை இழுப்பவருக்கு அம்பு வில்லின் இடப்பக்கத்தில் கிடக்கும். கைப்பிடியின் தடிப்பு இடையில் நிற்பதால் அம்பின் முனை நேர்க்கோட்டிலிருந்து சற்று இடப்பக்கம் பார்க்கிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. முன்னே பாரமான முனை அசையாமல் நிற்கப் பார்க்க, பின்னே நாண் முழு விசையோடு தள்ள, விரல்களை விட்டு நழுவும் நாணின் பக்கவாட்டு அசைவும் சேர, இடையில் அகப்பட்ட தண்டு வளைகிறது; பின் எதிர்ப்பக்கம் வளைகிறது; வேலிக் கதியாலைச் சுற்றி நெளிந்துபோகும் சாரைப்பாம்பைப் போல அது வில்லைத் தொடாமல் கடந்து, அப்பால் மெல்ல மெல்ல நேராகிறது. கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1930களில் எடுத்த அதிவேகப் படங்கள் இந்த நெளிவைக் கண்கூடாகக் காட்டின. தண்டின் விறைப்பு அளவாக இருந்தால் வால் கடக்கும் கணத்தில் தண்டு வில்லிலிருந்து விலகி வளைந்திருக்கும். விறைப்பு மிஞ்சினால் அம்பு வில்லைச் சுற்றிவராமல் இடப்பக்கம் தெறிக்கும். குறைந்தால் அளவுக்கு மீறிச் சுற்றி வலப்பக்கம் போகும். ஆங்கில வழி வந்தவர்கள் இந்த விறைப்பை ஸ்பைன் என்பார்கள்.

இடக்கைக்காரர்கள் இக்கட்டுரையில் வரும் இடம் வலம் அனைத்தையும் மாற்றி வாசிக்க வேண்டும். கட்டைவிரலால் நாணைப் பற்றி, அம்பை வில்லின் வலப்பக்கம் வைத்து எய்பவர்களுக்கும் அவ்வாறே.

தொடங்குமுன் இடம் பற்றி ஒரு சொல். இந்தச் சோதனையில் இறகில்லாத அம்புகளை எய்ய வேண்டியிருப்பதால், அவை நினையாத பக்கமெல்லாம் போகும். இலக்குக்குப் பின்னால் ஆளுயர மண்ணணை இருக்க வேண்டும். கட்டாக்காலி மாடுகளும் ஆட்களும் நடமாடும் குளக்கட்டை அணையாகக் கொள்ளக்கூடாது. பற்றைக்குள் போன அம்பைத் தேடும் ஆசை வன்னியில் உயிருக்கு உலை வைக்கக்கூடும்: மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணி என்று உறுதியாகத் தெரியாத நிலத்துக்குள் அம்பு போனால் அது போனதுதான். காட்டு விலங்குகளை இலக்காக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரவர்க்கப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது என்பதை நினைவூட்டி மேலே செல்கிறேன்.

அம்பைத் தொடுமுன் வில்லை நிலைப்படுத்துங்கள். வில் அசைந்துகொண்டிருக்க அம்பைத் திருத்துவது, மட்டம் பார்க்காத அத்திவாரத்தில் சுவர் எழுப்புவது போன்றது. முதலில் உங்கள் இழுநீளத்தை அறிய வேண்டும். நீளமான ஓர் அம்பை வழக்கம்போல முழுமையாக இழுத்து நில்லுங்கள்; பக்கத்தில் நிற்கும் ஒருவர், வில்லின் முன்புற விளிம்புக்கு நேராகத் தண்டில் பேனையால் ஒரு கோடு இடட்டும். நாண் பொருந்தும் பிளவின் அடியிலிருந்து அந்தக் கோடு வரையுள்ள நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை போதாது. ஐந்து முறை செய்து, அடிக்கடி வரும் அளவை எடுக்க வேண்டும். என்னுடையது 27 அங்குலம்.

அடுத்தது இழுவிசை. வில்லில் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் 28 அங்குல இழுப்புக்குரியது. அதைவிடக் குறைவாக இழுப்பவருக்கு அங்குலத்துக்கு இரண்டு மூன்று இறாத்தல் குறையும், கூட இழுப்பவருக்கு அவ்வளவு கூடும். ஊகிக்கத் தேவையில்லை. வெளிநாட்டு உறவினர் வந்துபோகும் நம் வீடுகளில் பயணப்பை நிறுக்கும் சிறு மின்தராசு ஒன்று எப்படியும் கிடக்கும். அதன் கொக்கியை நாணின் நடுவில் மாட்டி, உங்கள் இழுநீளம் வரை இழுத்து எண்ணைப் பாருங்கள். 18.1 கிலோ என்றால் 40 இறாத்தல். 42 என்று எழுதிய என் வில் 27 அங்குலத்தில் 39 இறாத்தலும் சொச்சமும் காட்டியது.

நாண் உயரம் என்பது கைப்பிடியின் உட்பக்க ஆழத்திலிருந்து நாண் வரையுள்ள தூரம். நீள்வில்லுக்கு அது பொதுவாக 6 முதல் 7 அங்குலம் வரையும், நுனி முன்வளைந்த வில்லுக்கு 7 முதல் 9 வரையும் இருக்கும். செய்தவர் கொடுத்த அளவு இருந்தால் அதையே கொள்ளுங்கள். நாணைச் சில முறுக்குக் கூட்டினால் உயரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். அந்த எல்லைக்குள் எங்கே வில் அதிர்வு குறைந்து சத்தம் அடங்குகிறதோ, அங்கே நிறுத்தி, அந்த அளவைக் கொப்பியில் எழுதுங்கள். புதிய நாண் முதல் சில நாட்கள் இழுபட்டு நீளும் என்பதால், ஒவ்வொரு சோதனைக்கு முன்னரும் இதை அளந்து பார்ப்பது அவசியம்.

அம்பின் வாலில் நாண் பொருந்தும் பிளவுக்குக் குதை என்று பெயர். நல்ல பழஞ்சொல், நமக்கு இங்கே அடிக்கடி உதவும். குதை நாணில் எப்போதும் ஒரே இடத்தில் அமர, நாணில் நூலால் ஒரு சிறு முடிச்சைக் கட்டி அடையாளமிட வேண்டும். வில்லில் அம்பு கிடக்கும் தட்டிலிருந்து நாணுக்குச் செங்கோணமாக ஒரு கோடு பிடித்து, அதற்கு ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் மேலே குதையின் அடி வருமாறு முதலில் கட்டுங்கள். சற்று உயரமாகத் தொடங்கிப் பின்னர் இறக்குவதே நல்லது. தாழ்வாகத் தொடங்கினால் வால் தட்டில் அடித்து மேலே துள்ளும். அதைப் பார்ப்பவர் அடையாளம் உயரமாகிவிட்டதென்று நினைத்து இன்னும் இறக்குவார்.

மிச்சமிருப்பது கை. ஏழெட்டு மீற்றரில் இறகுள்ள ஆறு அம்புகளை எய்தால் அவற்றில் குறைந்தது நான்கு ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழ வேண்டும். எங்கே விழுந்தாலும் பரவாயில்லை, ஒன்றாக விழ வேண்டும். அது கைகூடாதவரை அம்பைத் திருத்த இறங்காதீர்கள், ஏனெனில் சோதனை காட்டுவது அம்பின் குறையையா கையின் குறையையா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. இந்த இடத்தில் பொறுமை இல்லாதவர்கள் வீணாக்கிய தண்டுகளை அடுக்கினால் ஒரு கோழிக்கூடு கட்டலாம். அதில் என் பங்கும் உண்டு.

கார்பன் அம்புகளை வைத்துவிட்டு நான் மூங்கிலுக்கு வந்தேன். வன்னிக் காட்டில் பாலையும் முதிரையும் காணலாம், ஆனால் அம்புக்கேற்ற மெல்லிய மூங்கிலைத் தேடிப் பிடிப்பது கடினம். எனக்குத் தெற்கேயிருந்து வரும் லொறிக்காரர் ஒருவர் கொண்டுவந்து தருகிறார். எட்டு ஒன்பது மில்லிமீற்றர் தடிப்புள்ள கழிகளைக் கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும் பரணில் சில மாதம் கிடத்திய பின்னரே வேலை தொடங்கும். வளைவுகளைக் கரிநெருப்பின் மேல் சூடாக்கி, துணியால் பிடித்து நிமிர்த்தி, ஆறும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். தோல் கருகினால் அந்த இடத்தில் முறியும். கணுக்களின் மேடு மட்டும் அரத்தாளால் மட்டமாக்கப்பட வேண்டும். கணுக்களுக்கு இடைப்பட்ட தோலைச் சுரண்டக்கூடாது, மூங்கிலின் பலம் முழுவதும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. மெல்லிய நுனி வாலுக்கும் தடித்த அடி முனைக்கும் வருமாறு வைத்து, குதைக்குச் சற்று முன்னால் ஒரு கணு நிற்குமாறு வெட்டி, குதையின் அடியில் நூலால் இறுகச் சுற்றி ஒட்டினால் நாண் தண்டைப் பிளக்காது. மரத்தில் உருட்டிய தண்டுள்ளவர்கள் குதையின் பிளவை மரத்தின் ஆண்டு வளையக் கோடுகளுக்குக் குறுக்காக வெட்ட வேண்டும். அப்போதுதான் விறைப்பான பக்கம் வில்லைப் பார்க்கும், பிளவும் வளையத்தின் வழியே ஓடாது.

இனி விறைப்பை அளக்கும் கருவி. காசு கொடுத்து வாங்கவும் கிடைக்கும், வாங்கத் தேவையில்லை. முக்கால் மீற்றருக்குச் சற்று நீளமான பலகை ஒன்றைச் சுவரில் மட்டம் பார்த்து அறைந்து, அதில் 26 அங்குல இடைவெளியில், அதாவது 66 சென்ரிமீற்றரில், இரண்டு ஆணிகளை அடியுங்கள். தண்டு அந்த ஆணிகளின் மேல் கிடக்கும். சரி நடுவில் ஓர் அடிமட்டத்தை நிலைக்குத்தாக ஒட்டுங்கள். நிறை 2 இறாத்தல், அதாவது 907 கிராம். பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் தண்ணீர் விட்டு, மூடியும் கம்பிக் கொக்கியும் சேர 907 கிராம் வருமாறு சந்திக் கடைத் தராசில் நிறுத்துக்கொண்டேன். எத்தனை கிராம் சீனி என்று கேட்ட கடைக்கார அண்ணைக்கு அன்று கதை சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் ஆயிற்று.

தண்டை ஆணிகளின் மேல் வைத்து, அதன் மேல்விளிம்பு அடிமட்டத்தில் எங்கே நிற்கிறதென்று பாருங்கள். நடுவில் போத்தலைத் தொங்கவிட்டு மீண்டும் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வளைவு. 660ஐ அந்த வளைவின் மில்லிமீற்றர் அளவால் வகுத்தால் தண்டின் விறைப்பு இறாத்தலில் வரும். 19 மில்லிமீற்றர் வளைந்தால் ஏறத்தாழ 35, 16.5 வளைந்தால் 40, 14.7 வளைந்தால் 45, 13.2 வளைந்தால் 50. ஒரு மில்லிமீற்றர் பிழையாக வாசித்தாலே மூன்று இறாத்தல் மாறிவிடும் என்பதால், பாடசாலை ஆய்வுகூடத்தில் படித்த ஓர் உபாயத்தை இங்கே பயன்படுத்துகிறேன்: அடிமட்டத்தின் பக்கத்தில் ஒரு சிறு முகக்கண்ணாடித் துண்டை ஒட்டி, தண்டு அதன் பிம்பத்தைச் சரியாக மறைக்கும் நிலையில் கண்ணை வைத்து வாசித்தால் சாய்ந்து பார்க்கும் பிழை வராது. மைத்துனரின் கார்பன் அம்பு இந்தக் கணக்கில் 90க்கு மேல் போகும். 39 இறாத்தல் வில்லில் அதை எய்ததை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மரத்தண்டை வில்லைத் தொடும் பக்கத்தில் மட்டும் அளந்தால் போதும். மூங்கிலைச் சுழற்றிச் சுழற்றி நான்கு பக்கமும் அளக்க வேண்டும். ஒரே கழி ஒரு பக்கம் 43உம் இன்னொரு பக்கம் 47உம் காட்டுவது எனக்குப் பழகிய காட்சி. அதிக விறைப்புள்ள பக்கத்தைப் பென்சிலால் குறித்து, எல்லாத் தண்டுகளிலும் அந்தப் பக்கமே வில்லைப் பார்க்குமாறு குதையை வெட்டுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் தண்டுகள் அளவில் வெகுவாக வேறுபடும், ஏனெனில் விறைப்பு தடிப்பின் நான்காம் அடுக்கோடு ஏறுகிறது: ஒரே மரத்தில் உருட்டிய 8 மில்லிமீற்றர்த் தண்டைவிட 8.5 மில்லிமீற்றர்த் தண்டு நான்கிலொரு பங்குக்கு மேல் விறைப்பானது. இருபது கழி அளந்தால் எட்டுப் பத்துத்தான் ஒரு கூட்டத்துக்குச் சேரும். ஒரு கூட்டத்துக்குள் மூன்று இறாத்தலுக்கு மேல் வேறுபாட்டை விடாதீர்கள். மிச்சக் கழிகள் இழுவிசை வேறான நண்பருக்கு உதவும்.

எந்த விறைப்பில் தொடங்குவது? உங்கள் இழுநீளத்தில் அளந்த இழுவிசையை அடிப்படையாகக் கொள்ளுங்கள். தண்டு 28 அங்குலத்துக்கு மேல் நீளும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஐந்து இறாத்தல் கூட்டுங்கள், குறைந்தால் கழியுங்கள். வில்லின் தட்டு நடுக்கோடு வரை வெட்டப்படாமல் இருந்தால் ஐந்து குறையுங்கள். தட்டே இல்லாமல் கைமேல் வைத்து எய்யும் முழுமர வில்லானால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள், அம்பு அவ்வளவு பெரிய தடிப்பைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. நடுக்கோட்டையும் தாண்டி வெட்டிய வில்லுக்கு மாறாகக் கூட்ட வேண்டும். இழுபடாத புதுவகை நாண் பூட்டியிருந்தால் ஐந்து கூட்டுங்கள். ஆனால் முழுமர வில்லுக்கும் பழைய வில்லுக்கும் அந்த நாண் ஆகாது, சற்று இழுபட்டுக் கொடுக்கும் டேக்ரான் நாணே அவற்றின் நுனியைக் காக்கும். இவை அனைத்தும் கைக்கணக்கு. இறுதித் தீர்ப்பை இலக்குத்தான் சொல்லும். கணக்கு உங்களை அதன் வாசலில் கொண்டுபோய் விடுகிறது, அவ்வளவே. எனக்கு 45 இறாத்தல் தண்டு என்று வந்தது.

அம்பின் மொத்த நிறையையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். அம்பின் நிறையைக் கிரேனில் கணிப்பது வழக்கம். ஒரு கிராம் 15.4 கிரேன். மரவில்லுக்கு ஓர் இறாத்தல் இழுவிசைக்கு எட்டு ஒன்பது கிரேனுக்குக் குறையாத அம்பு வேண்டும், ஆக 40 இறாத்தல் வில்லுக்கு 23 கிராமுக்குக் கீழே போகக்கூடாது. அம்பு இலேசாகும்போது வில்லின் விசை வெளியேற வழியின்றி வில்லுக்குள்ளேயே அதிரும். அம்பே இல்லாமல் நாணை விடுவது அதன் உச்சம், ஒரே முறையில் வில் பிளந்துவிடலாம்.

தெரிந்தெடுத்த தண்டுகளில் ஆறை நீளமாகவே விடுங்கள். 27 அங்குலம் இழுக்கும் நான் 31 அங்குலத்தில் தொடங்கினேன். எல்லாவற்றுக்கும் 125 கிரேன் முனை, அதாவது எட்டுக் கிராமும் சொச்சமும். மூன்றுக்கு இறகு ஒட்டுங்கள். மூன்றை மொட்டையாக விட்டு, இறகுகளின் நிறைக்கு ஈடாக வாலில் ரேப் சுற்றுங்கள். இறகு பிழையை மறைக்கும், மொட்டைத் தண்டு மறைக்காது. சோதனையின் சூட்சுமம் இவ்வளவுதான்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைகாசி தொடங்கிச் சோளகம் எடுத்துவிட்டால் வன்னியில் காலை எட்டு ஒன்பது மணிக்கு மேல் மொட்டை அம்பைச் சோதிப்பது வீண். விடிந்ததும் எழுந்து, பனை ஓலை அசையத் தொடங்கும்வரை எய்யுங்கள்; ஓலை சலசலத்ததும் வில்லைக் கழற்றிவிடுங்கள். இலக்காகப் பழந்துணியும் பிளாஸ்ரிக் பைகளும் அடைத்த உரப்பை இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினால் போதும். வைக்கோற் கட்டானால் வைக்கோல் கிடக்கும் போக்குக்கு ஏற்பத் தண்டு திரும்பிக்கொள்ளும்; அதில் தண்டு சாய்ந்து நிற்கும் கோணத்தை நம்பாமல், குத்திய இடத்தை மட்டும் நம்புங்கள்.

ஒவ்வோர் அம்பையும் எய்யுமுன் இரு கையாலும் பிடித்து மெல்ல வளைத்து, காதருகே வைத்துக் கேட்டு, விரலால் தடவிப் பாருங்கள். கீறலோ நெறிப்போ இருந்தால் முறித்து எறியுங்கள். வெடித்த தண்டு நாண் தள்ளும்போது முறிந்தால் வில் பிடித்த கைக்குள்தான் பாயும்.

முதல் சுற்று ஆறு மீற்றரில், உயரத்துக்காக மட்டும். இறகுள்ள மூன்றையும் மொட்டை மூன்றையும் ஒரே குறிக்கு எய்யுங்கள். மொட்டைகள் கீழே விழுந்து, வால் மேல்நோக்கி நின்றால் நாணிலுள்ள அடையாளம் உயரம். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இறக்குங்கள். மேலே விழுந்து வால் தாழ்ந்து நின்றால் ஏற்றுங்கள். இரண்டு கூட்டமும் ஒரே உயரத்துக்கு வரும்வரை பக்கவாட்டைப் பார்க்கவே வேண்டாம். எவ்வளவு இறக்கினாலும் வால் மேலேயே நின்றால், அது தட்டில் மோதித் துள்ளுகிறது என்று சந்தேகியுங்கள். வீட்டிலிருக்கும் முகப்பவுடரைத் தட்டில் தூவி ஒன்று எய்தால், வால் எங்கே உரசியது என்பது அழிந்த தடத்தில் தெரிந்துவிடும்.

உயரம் சரியானதும் பதினைந்து மீற்றருக்குப் பின்வாங்குங்கள். இனி இடமும் வலமும். மொட்டைகள் இறகுள்ளவற்றுக்கு வலப்பக்கம் விழுந்து, வால் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் தண்டு தளர்வு. இடப்பக்கம் விழுந்து வால் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் தண்டு விறைப்பு. ஓர் அம்பைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். மூன்றும் ஒரே பக்கம் போவதை மூன்று சுற்றிலாவது பார்த்த பிறகே தண்டை அறுக்கும் வாளை எடுங்கள். ஒரு பொறியும் உண்டு: மிகமிகத் தளர்ந்த தண்டு வில்லைச் சுற்றும்போது வாலால் வில்லில் அறைந்து, விறைப்பான அம்பைப் போல இடப்பக்கம் பாயக்கூடும். முகப்பவுடர் இங்கேயும் உதவும். எய்யும்போது வில்லில் டக் என்ற சத்தமும் கேட்கும்.

திருத்தும் வழிகள் சில. தண்டை முனைப்பக்கத்தில் வெட்டிக் குறைத்தால் விறைப்புக் கூடும். முனையைப் பாரமாக்கினால் தண்டு தளரும், இலேசாக்கினால் விறைக்கும். அம்பு உரசும் இடத்தில் வில்லின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தோலைத் தடிப்பாக்கினால் அம்பு விறைப்பானது போல நடக்கும், மெலிதாக்கினால் தளர்ந்தது போல நடக்கும். பழைய செருப்புத் தோல் துண்டே போதும், ஆனால் இது கடைசிச் சிறு திருத்தத்துக்குரியது. மரத்தண்டு விறைப்பாக இருந்தால் நடுப்பகுதியை அரத்தாளால் சீராகத் தேய்த்துத் தளர்த்தலாம். மூங்கிலில் அதைச் செய்யாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முனையையும் நீளத்தையும் ஒரே காலையில் மாற்றியவர், எது என்ன செய்தது என்று பிறகு ஒருபோதும் அறியமாட்டார்.

என் முதல் மூங்கில் தொகுதி எப்படிப் போனதென்று கொப்பியைப் பார்த்துச் சொல்கிறேன். 31 அங்குலத்தில் மொட்டைகள் இறகுள்ளவற்றுக்கு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் வலப்பக்கம் விழுந்தன. நீளம் மிஞ்சிய தண்டு தளர்ந்திருப்பது இயல்பு, நான் எதிர்பார்த்ததும் அதுவே. அரை அங்குலம் வெட்டினேன், இருபதாகக் குறைந்தது. மீண்டும் அரை அங்குலம்; பன்னிரண்டு. அங்கிருந்து கால் அங்குலத்துக்கு மேல் ஒருமுறையும் வெட்டவில்லை. 29 அங்குலமும் காலும் வந்தபோது மொட்டைகளும் இறகுள்ளவையும் கலந்து விழுந்தன. எது எது என்று கிட்டப் போய்ப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் முனையைச் சூடாக்கிக் கழற்றி மீண்டும் ஒட்ட வேண்டியிருந்ததால் இதற்கு நான்கு காலை போயிற்று. இரண்டாவது தொகுதியில் முதல் அளவை நம்பி அளந்து பார்க்காமல் எல்லாவற்றையும் 29 அங்குலத்துக்கு வெட்டிவிட்டேன். அந்தக் கழிகள் மூன்று இறாத்தல் விறைப்பானவை, எல்லாம் இடப்பக்கம் போயின. வெட்டியதை ஒட்ட முடியாது. 145 கிரேன் முனை மாற்றித்தான் அவற்றைக் காப்பாற்றினேன்.

எவ்வளவு வெட்டினாலும், முழுமையாக இழுத்த நிலையில் முனை வில்லுக்கு வெளியே ஓர் அங்குலமாவது நிற்க வேண்டும். அந்த எல்லைக்கு வந்தும் மொட்டை வலப்பக்கம் விழுந்தால் தண்டு உங்கள் வில்லுக்குரியதன்று; இலேசான முனையைப் போட்டுப் பார்த்து, அதுவும் உதவாவிட்டால் விறைப்பான கழிகளை எடுங்கள்.

மொட்டைகளும் இறகுள்ளவையும் பதினைந்து மீற்றரில் ஓர் உள்ளங்கைக்குள் வந்துவிட்டால் நான் நிறுத்திவிடுவேன். அதற்கு அப்பாலும் திருத்திக்கொண்டே போகிறவர்கள் உண்டு. நம்முடைய கையின் நடுக்கத்தை அம்பில் தேடுவதாகவே அது எனக்குப் படுகிறது.

இறகு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தட்டின் மேல் கிடந்து போகும் அம்புக்குப் பிளாஸ்ரிக் இறகு ஆகாது; அது தட்டில் மோதி அம்பைத் துள்ளச் செய்யும், பறவை இறகோ மடிந்து கொடுக்கும். வான்கோழியின் செட்டை இறகு நல்லது. ஓர் அம்பின் மூன்று இறகுகளும் ஒரே பக்கச் செட்டையிலிருந்து வரவேண்டும், இடமும் வலமும் கலந்தால் அம்பு சுழலாமல் தடுமாறும். நான்கைந்து அங்குல நீளத்தில், ஒரு இறகு குதையின் பிளவுக்குச் செங்கோணமாக நின்று வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்க்குமாறு ஒட்டி, முன்நுனியை நூலால் சுற்றிவிடுங்கள். அந்த நூல் இல்லாவிட்டால் தட்டின் மேல் அல்லது உங்கள் கைமேல் பாயும் இறகின் காம்பு தோலைக் கிழிக்கும். பின்னர் எல்லா அம்புகளையும் நகைக்கடைத் தராசு போன்ற நுண்தராசில் நிறுத்து, அரைக் கிராமுக்குள் ஒத்தவற்றை ஒரு கூட்டமாக வையுங்கள்.

ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் மூங்கிலும் மரமும் ஈரத்தை உறிஞ்சிப் பாரமாகும், தளரும், கோணும். வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசி, வெட்டிய முனைக்குள்ளும் குதைக்குள்ளும் தேன்மெழுகு தேய்த்துவைத்தால் இது பெருமளவு குறையும், முற்றாக நிற்காது. அம்புகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல் இரண்டு இடத்தில் தாங்கிய நிலையில் கிடத்தி வையுங்கள். தை பிறந்து வெயில் ஏறியதும் அவற்றை மீண்டும் ஆணிகளின் மேல் வைத்துப் போத்தலைத் தொங்கவிட்டு அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணைத் தண்டிலேயே பென்சிலால் எழுதுங்கள். மூன்று இறாத்தலுக்கு மேல் மாறியவற்றுக்கு ஒரு மொட்டைத் தண்டை வைத்து ஆறு மீற்றரிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.